நான்கு வழியை எட்டு வழி ஆக்கினால் நெரிசல் தீருமா?

ஒரு நெடுஞ்சாலை போட்டு நாற்பது, ஐம்பது வருஷம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழி விழுகிறது, பேட்ச் போட்ட இடத்திலேயே மறுபடி பேட்ச் போடுகிறார்கள், காலையிலும் மாலையிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. அப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மொத்தமாகப் பெயர்த்துப் போடுங்கள், கையோடு அகலப்படுத்தியும் விடுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எப்படியும் சாலையை உடைக்கப் போகிறோம், உடைக்கும்போதே இரண்டு பக்கமும் இரண்டு லேன் கூட்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று யாருக்கும் தோன்றும்.

சாலைத் திட்டங்களோடு மல்லுக்கட்டுகிற வேலையில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிட நினைக்கிறேன். என் கட்சி இதுதான். சாலை பழுதாகிக் கிடப்பதும் சாலையில் நெரிசல் இருப்பதும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். பழுதைச் சரிசெய்தே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. நெரிசலுக்கு அகலப்படுத்துவது என்பது பல வழிகளில் ஒரு வழி, அது தேவைதானா என்பதைத் தனியாக நிரூபித்துக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பீட்டில் போட்டு ஒரே கையெழுத்தில் முடித்தால், பழைய பாலத்தைக் காட்டிப் பயமுறுத்தி எட்டு வழிச்சாலைக்குப் பணம் வாங்குவது எளிதாகிவிடும். இல்லையென்றால் நேர்மாறாக நடக்கும்: எட்டு வழிக்கு வேண்டிய நிலம் கிடைக்காமல் வழக்கு இழுத்துக்கொண்டே போக, இற்றுப்போன பாலமும் அதோடு சேர்ந்து காத்துக்கிடக்கும். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகப் பயம்.

சரி, முதலில் பழுதைப் பார்ப்போம்.

பழைய சாலையில் கோர் வெட்டி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறைய விஷயம் புரிந்துவிடும். முனையில் வைரத்துகள் பதித்த ஒரு குழாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சாலைக்குள் இறங்கும், கொஞ்ச நேரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு உருளை வெளியே வரும். அதை ஓரமாகப் படுக்கவைத்து, சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சாலைக்கு இத்தனை வருஷம் என்னென்ன செய்தார்கள் என்பது வரிசையாகத் தெரியும். மேலே போன முறை போட்ட கருகருவென்ற தார், அதற்குக் கீழே வெளுத்துப்போன பழைய அடுக்கு, அதற்கும் கீழே அதைவிடப் பழையது. சில கோர்களில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கட்டைவிரலால் தள்ளினாலே பிரிந்து வந்துவிடும், ஒட்டவே இல்லை என்று அர்த்தம். இன்னும் சில இடங்களில் அடியில் இருக்கும் அடுக்கு உருளையாகவே வராது, வெறும் ஜல்லியாக உதிர்ந்து ஓட்டைக்குள்ளேயே கிடக்கும். தண்ணீர் உள்ளே புகுந்து கல்லிலிருந்து தாரை உரித்துவிட்டது. அந்த இடத்தில் மேலே எத்தனை முறை புதுத் தார் போட்டாலும் பழைய விரிசல் சீக்கிரமே மேலே எட்டிப் பார்த்துவிடும்.

விரிசல் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறதா, அடியிலிருந்து மேலே ஏறியிருக்கிறதா என்பதும் கோரில் தெரியும். மேலே மட்டும்தான் என்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புது அடுக்கு போட்டால் போதும். அடியிலிருந்து ஏறியிருந்தால் அஸ்திவாரம் வரைக்கும் போகத்தான் வேண்டும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோர் தவிர, ஒரு எடையைச் சாலைமேல் விழச்செய்து எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவி, ரேடார் அலையை அனுப்பி அடுக்குகளின் கனத்தைப் பார்க்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. மொத்தத் திட்டச் செலவில் இந்தச் சோதனைகளுக்கு ஆகும் பணம் மிகக் குறைவு. ஆனாலும் அவசரம் என்று வந்தால் முதலில் கைவைப்பது இதில்தான். எனக்குத் தெரிந்து ஒரு சாலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோர்கள் எடுத்துவிட்டு, அதே டிசைனை முழு நீளத்துக்கும் போட்டார்கள். தோண்ட ஆரம்பித்த பிறகுதான் பெரும்பகுதியில் அடிமண்ணே சரியில்லை என்று தெரிந்தது. வேலை அப்படியே நின்றது, செலவு ஏறியது, சாலையோரத்து மக்கள் புழுதி தின்றார்கள்.

சாலை எதனால் இப்படித் தேய்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே சாலை போட்டு லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்ற நான்காம் அடுக்கு விதி, அதாவது எடை எத்தனை மடங்கோ அந்த எண்ணை நான்கு தடவை வைத்துப் பெருக்கினால் சேதம் வரும் என்பது, அங்கேயிருந்து வந்ததுதான். ஒன்றரை டன் காரில் ஒரு அச்சுக்கு முக்கால் டன், நல்ல பாரம் ஏற்றிய லாரியில் ஒரு அச்சுக்கு 10 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 13 மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான், சேதமோ 30,000 மடங்கைத் தாண்டிவிடும். ஆக, தார் எத்தனை கனம் போடுவது என்பதை முடிவு செய்வது லாரிகள். எத்தனை லேன் வேண்டும் என்ற பேச்சைக் கிளப்புவது பெரும்பாலும் கார்கள். ஒரே சாலையில் இரண்டு வேறு கணக்கு ஓடுகிறது. லாரி எண்ணிக்கையையும் அச்சு எடையையும் சரியாக எடுக்காமல் மொத்த வண்டிகளை மட்டும் எண்ணிவிட்டு டிசைன் போட்டால் எத்தனை லேன் போட்டாலும் அத்தனையும் சேர்ந்து பழுதாகும்.

அகலப்படுத்துவதில் அதிகம் பேசப்படாத ஒரு தொல்லை பழைய சாலையும் புது லேனும் சேரும் அந்த நீளமான மூட்டு. பழைய சாலைக்கு அடியில் உள்ள மண் இத்தனை வருஷம் பாரம் சுமந்து இறுகிப்போயிருக்கும். பக்கத்தில் புதிதாகக் கொட்டிய மண் இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றாக அமுங்காததால் மூட்டு நெடுக ஒரு விரிசல் ஓடும், அதில் தண்ணீர் இறங்கும், அப்புறம் மேலே சொன்ன கதைதான். பழைய கரையைச் சரிவாக விட்டு அதன்மேல் மண்ணைக் கொட்டாமல் படிபடியாக வெட்டிவிட்டுப் புது மண்ணை அடுக்கடுக்காக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். மூட்டு லாரிச் சக்கரம் ஓடும் தடத்தில் விழாமல் லேன் கோட்டுக்கு நேராக வரும்படி வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வடிகாலும் அப்படித்தான். சாலை அகலமாக ஆக மழைநீர் ஓடிக் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது, விழும் தண்ணீரும் கூடுகிறது, ஆனால் கீழே இருக்கும் சிறுபாலக் குழாய் மட்டும் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மழைக்கணக்கில் போட்டதாகவே இருக்கும். அதை நீட்டிவிட்டால் மட்டும் போதாது. இப்போது பெய்கிற மழைக்கு அது தாங்குமா என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

பாலங்களைப் பற்றிச் சொல்லும்போது மினியாபொலிஸ் நகரத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. மிசிசிப்பி ஆற்றின் மேல் 1967-ல் திறந்த நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலை, வீடு திரும்பும் வண்டிகளோடு இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். உறுப்புகளை இணைக்கும் எஃகுத் தகடுகள் ஆரம்ப டிசைனிலேயே தேவையான கனத்தில் பாதி அளவுக்குத்தான் இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அதோடு, இடைப்பட்ட காலத்தில் பாலத்தின் மேல்தளத்தைக் கனமாக்கியதிலும் தடுப்புச்சுவர்களை மாற்றியதிலும் பாரம் ஏறியிருந்தது. விழுந்த அன்று மராமத்து வேலைக்காக ஜல்லியும் மணலும் இயந்திரங்களும் பாலத்தின் மேலேயே நின்றிருந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நல்ல நோக்கத்தோடு செய்த வேலைதான். ஆனால் பாரம் கூட்டும்போது முதல் கணக்கைத் திரும்ப எடுத்து யாரும் முழுசாகச் சரிபார்க்கவில்லை. பழைய பாலத்தை ஒட்டி ஒரு லேன் கூட்டுகிறோம், ஏற்கெனவே இருப்பதைக் கொஞ்சம் பலப்படுத்துகிறோம் என்று எந்தத் திட்டத்தில் படித்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி, பழைய டிசைன் கணக்கு கையில் இருக்கிறதா, அதை ஒவ்வொரு இணைப்பாகத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான். இல்லையென்றால் பாலத்தைப் புதிதாகவே கட்டுவது நல்லது.

இனி நெரிசல்.

நன்றாக ஓடும் நெடுஞ்சாலையில் ஒரு லேனில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள் போகலாம், எல்லாம் கச்சிதமாக அமைந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே போகும். அதற்கு மேல் வண்டிகள் நுழைந்தால் ஓட்டம் உடைந்துவிடும். யாரோ ஒருவர் பிரேக்கைத் தொடுவார், பின்னால் வருபவர் இன்னும் அழுத்தித் தொடுவார், பத்து வண்டி தாண்டினால் அங்கே எல்லாம் நின்றே போயிருக்கும். முக்கியமான விஷயம், உடைந்த பிறகு அதே லேனில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது. அதனால் ஒரு பத்து நிமிஷக் கூட்டம் ஒரு மணி நேர நெரிசலாக நீள்கிறது. அந்த உடைப்பு சாலை முழுக்க ஒரே நேரத்தில் நடப்பதில்லை. எங்கோ ஒரு இடத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் பரவும்.

அந்த ஒரு இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் திட்டத்தின் பாதி வேலை என்பேன். பல நெடுஞ்சாலைகளில் பிரச்சினை பிரதான சாலையிலேயே இருக்காது. இறங்குபாதை போய்ச் சேரும் இடத்தில் ஒரு சிக்னல் இருக்கும், அதில் பச்சை விழும் நேரம் போதாது, இறங்க வேண்டிய வண்டிகள் வரிசையாக மேலேறி நெடுஞ்சாலையின் இடது லேனில் வந்து நிற்கும், அந்த லேனில் நேராகப் போக வேண்டியவர்கள் கடைசி நிமிஷத்தில் வலதுபக்கம் வெட்டுவார்கள், அங்கேயும் ஓட்டம் உடையும். இதைக் கீழே நின்று பார்த்தால் அந்தச் சிக்னலில் இரண்டு சுற்று முடிவதற்குள் புரிந்துவிடும். மேலே இருந்து எடுத்த வண்டி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் சாலை நிரம்பிவிட்டது, லேன் போதவில்லை என்றுதான் படும். அந்தச் சிக்னலை அப்படியே விட்டுவிட்டு மேலே எட்டு லேன் போட்டால் நாலு வரிசையாக நின்றவர்கள் எட்டு வரிசையாக நிற்பார்கள். அதே மாதிரி, எட்டு லேன் எங்கே முடிந்து மறுபடி நாலு லேன் ஆகிறதோ அங்கே புது நெரிசல் பிறக்கும். திட்டத்தின் எல்லை எந்த இடத்தில் முடிகிறது, அதற்கு அடுத்த கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் எல்லைக்கோட்டோடு ஆய்வும் நின்றிருக்கும்.

ஏறுபாதையும் இறங்குபாதையும் நெருக்கமாக இருந்து வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பிரித்துவிடுவது, ஏறுபாதையில் சிக்னல் வைத்து ஒவ்வொன்றாக உள்ளே விடுவது, நெரிசல் வரும்போது வேக வரம்பைக் குறைத்து எல்லாரையும் ஒரே சீராக ஓட வைப்பது என்று லேன் கூட்டாமலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. லண்டனைச் சுற்றியுள்ள எம்25 சாலையில் இப்படி மாறும் வேக வரம்பை 1995-லேயே கொண்டுவந்தார்கள். இவற்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றைச் செய்து பார்த்த பிறகு மிச்சம் இருக்கும் நெரிசலுக்குத்தான் அகலப்படுத்தலைப் பற்றிப் பேச வேண்டும்.

அகலப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் சான்றுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி ஃப்ரீவே என்ற விரைவுச்சாலையை 2008-ல் பெரிதாக அகலப்படுத்தி முடித்தார்கள். சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன் வரும். திறந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. 2014-ல் பார்த்தால், மூன்று வருஷத்துக்கு முன் இருந்ததைவிட மாலை நேரப் பயணத்துக்கு ஆகும் நேரம் பாதிக்கு மேல் கூடியிருந்தது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆந்தனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962-லேயே இதை ஒரு விதியாக எழுதினார்: உச்ச நேரத்தில் விரைவுச்சாலை நிரம்பும் வரைக்கும் போக்குவரத்து ஏறிக்கொண்டே போகும். பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆலோசனைக் குழு 1994-ல் புதிய சாலை புதிய போக்குவரத்தை உண்டாக்குகிறது என்று ஒப்புக்கொண்டது. 2011-ல் டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் பல பத்தாண்டுத் தரவுகளை எடுத்துப் பார்த்து, லேன் நீளம் எத்தனை சதவீதம் கூடுகிறதோ கிட்டத்தட்ட அதே சதவீதம் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானது அல்ல. நெரிசலுக்குப் பயந்து விடியற்காலையிலேயே கிளம்பியவர் இனி எட்டு மணிக்குக் கிளம்புவார். பக்கத்துச் சாலையில் போனவர் இங்கே வருவார். ரயிலில் போனவர் காரை எடுப்பார். இவையெல்லாம் சில மாதங்களிலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகு மெதுவாக நடப்பதுதான் பெரியது: சாலை வேகமாக இருக்கிறதே என்று நம்பி தொலைவில் வீடு கட்டுவார்கள், கிடங்குகள் வரும், ஒரு தலைமுறையே அந்தத் தூரத்தை வைத்துத் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும். அப்புறம் சாலை மறுபடி நிரம்பும்போது அவர்களால் திரும்பி வர முடியாது.

இதற்காக அகலப்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு பயணமும் யாரோ ஒருவருக்குத் தேவையான பயணம்தான். முன்பு போக முடியாத வேலைக்கு ஒருவர் போகிறார், சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது, அதற்கெல்லாம் மதிப்பு உண்டு. என் ஆட்சேபம் கொடுக்கிற வாக்குறுதியில்தான். 'பயண நேரம் பாதியாகக் குறையும்' என்று சொல்லித்தான் நிலம் கேட்கிறார்கள், வீடு இடிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள். பென்ட் ஃப்ளைவ்பியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த சாலைத் திட்டங்களில் பாதியில் முன்கூட்டிச் சொன்ன போக்குவரத்துக்கும் உண்மையில் வந்ததற்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு கணிப்பின் மேல் ஒற்றை எண்ணாக ஒரு வாக்குறுதியை நிறுத்தி வைப்பது மக்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம், சாலை மறுபடி நிரம்ப எத்தனை வருஷம் ஆகும் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகும் மக்கள் வேண்டும் என்றால் போடட்டும்.

கூட்டும் லேனை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டால் நிரம்பிவிடும், அவ்வளவுதான். பேருந்துக்கோ, பல பேர் ஏறிய வண்டிகளுக்கோ, கட்டணத்துக்கோ என்று முதல் நாளிலிருந்தே ஒதுக்கினால் அந்த லேனின் வேகத்தைக் காப்பாற்ற முடியும். முதலில் எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பிற்பாடு பேருந்து லேனாக மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம், கையில் இருப்பதைப் பிடுங்கினால் யார் சும்மா இருப்பார்கள்? ஸ்டாக்ஹோம் நகரத்தில் 2006-ல் நெரிசல் கட்டணத்தை ஆறேழு மாதம் சோதனையாகப் போட்டார்கள். நகரத்துக்குள் நுழையும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அடுத்த வருஷம் அதையே நிரந்தரமாக்கினார்கள். அங்கே கட்டணத்தோடு கூடுதல் பேருந்துகளும் விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாற்றுவழி தராமல் கட்டணம் மட்டும் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாராளமாகவே செலவு செய்யச் சொல்வேன்: பாலங்களின் அகலமும் தூண்களுக்கு நடுவே விடும் இடைவெளியும். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தை 1959-ல் சிக்கனம் பார்த்து நான்கு லேனோடு திறந்தார்கள். பத்தே வருஷத்தில் அது போதாமல், 1969-ல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு லேனை ஒட்டவைத்து எட்டாக்கினார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் அதில் இன்றுவரை தனிப்பாதை கிடையாது. தார்ச்சாலையைப் பிறகு அகலமாக்கலாம். பாலத்தை அப்படிச் செய்வது பெரும் தலைவலி. ஆகவே இன்று ஆறு லேன்தான் போடுகிறோம் என்றாலும், குறுக்கே போகும் மேம்பாலத்தின் தூண்களைத் தள்ளி நிறுத்திவிட வேண்டும். அந்த இடம் நாளைக்குப் பேருந்துத் தடமாகலாம், ரயில் பாதையாகலாம், சும்மா மரமாகவும் இருக்கலாம்.

சாலையோரத்தில் இருப்பவர்களைப் பற்றி. நிலம் எடுப்பது என்றால் இடிபடும் வீடுகளைத்தான் எண்ணுவார்கள். இடிபடாமல் சாலைக்கு நாலு அடி தள்ளி மிஞ்சிப்போகும் வீட்டுக்காரர் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார், நஷ்டஈடும் கிடையாது, சத்தமும் புகையும் மட்டும் அவருக்கு. அகலமான சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியவர்களும் அப்படித்தான். இதுவரை ஒரு நிமிஷத்தில் எதிர்ப்பக்கம் போன கிழவி இனி அரைக் கிலோமீட்டர் நடந்து படியேறி இறங்க வேண்டும். அவருக்கு நடைமேம்பாலம் கட்டியாயிற்று என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும், அவரால் அதில் ஏற முடியுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தரைமட்டத்தில் மக்கள் நேராக நடக்கும்படி, நெடுஞ்சாலையை மேலேயோ கீழேயோ கொண்டுபோக முடியும் இடங்களில் அதைத்தான் செய்ய வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஏ7 சாலையை அகலப்படுத்தும்போது, குடியிருப்புகளை அறுத்துக்கொண்டு போன இடங்களில் சாலைக்குமேல் மூன்று மூடிகள் கட்டத் திட்டமிட்டார்கள். மூன்றும் சேர்ந்து மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். மூடியின்மேல் மண் போட்டுப் பூங்காவும் தோட்டங்களும். அகலப்படுத்துகிற சாக்கில், பல பத்தாண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரண்டு பக்கத்தையும் திரும்பச் சேர்க்கிறார்கள். செலவு கூடுதல்தான், எனக்கு அது வீண்செலவாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி இனிமேல்தான். சாலையை மூடாமல், வண்டிகளை ஓட விட்டுக்கொண்டே அதை உடைத்துக் கட்ட வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில்.

வழக்கமான முறை, முதலில் ஒரு பக்கத்தில் புது லேன்களைக் கட்டி முடித்து, எல்லா வண்டிகளையும் அங்கே தள்ளிவிட்டு, காலியான பழைய பகுதியை உடைப்பது. வரைபடத்தில் நான்கு கட்டமாக அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய சின்னச் சின்னக் கேள்விகள் ஏராளம். தற்காலிக லேனாக மாற்றப்போகும் ஷோல்டர், அதாவது லேனுக்கு வெளியே வண்டி ஒதுங்க விடும் ஓரப்பகுதி, லாரியைத் தாங்குமா? ஷோல்டர் பெரும்பாலும் மெல்லியதாகத்தான் போட்டிருப்பார்கள், மூன்று மாதம் லாரி ஓடினால் நொறுங்கும், ஆகவே அதை முன்கூட்டியே பலப்படுத்த வேண்டும். லேனைக் குறுக்கினால் ஒரு வண்டி நின்றுபோனால் ஒதுக்க எங்கே இடம்? ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே போகும்? பாதி சாலையை உயர்த்திக் கட்டியிருக்கும் நேரத்தில் மழை வந்தால் தாழ்ந்த பாதியில் தேங்கும் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? பழைய லேன் கோடுகளைச் சரியாக அழிக்காமல் விட்டால் இரவில், அதுவும் மழை ஈரத்தில், எது புதுக்கோடு எது பழைய கோடு என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. வேலை நடக்கும் இடங்களில் விபத்து நடக்க இந்த ஒன்றே போதும். பக்கத்தில் வெறும் பிளாஸ்டிக் கூம்பை நம்பி வேலை செய்யும் தொழிலாளிகளை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வேகமாக வண்டி ஓடும் இடத்தில் கான்க்ரீட் தடுப்பு வைப்பதை டெண்டரிலேயே தனி இனமாகப் போட்டுப் பணம் ஒதுக்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் தயவுக்கு விடக்கூடாது.

அதற்கும் முன்னால் நடக்க வேண்டியது பூமிக்குள் இருப்பவற்றை மாற்றுவது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மின்கேபிள், எரிவாயு, இன்டர்நெட் கம்பி என்று சாலையோரம் முழுக்கப் புதைந்து கிடக்கும், எதற்கும் நம்பகமான வரைபடம் இருக்காது. தேதி போட்டு அடிக்கல் நாட்டிவிட்டு அப்புறம் குழாயைத் தேடுவதுதான் பாதித் தாமதத்துக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மூட வேண்டிய இடத்தில் துணிந்து மூடுவதும் நல்லதுதான். லாஸ் ஏஞ்சலஸில் 405 சாலையை அகலப்படுத்தியபோது மல்ஹாலண்ட் பாலத்தை இரண்டு பாதியாக இடிக்க வேண்டியிருந்தது. 2011 ஜூலையில் ஒரு வார இறுதியில், சுமார் 16 கிலோமீட்டருக்குச் சாலையை மூடினார்கள். ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று பல வாரம் பயந்தார்கள். வாரக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்ததால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், சாலைகள் காலியாகக் கிடந்தன, வேலையும் சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்தது. தென்கொரியாவின் சோல் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. தினமும் ஒன்றரை லட்சம் வண்டிகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த பழைய உயர்மட்டச் சாலை பழுதானபோது, அதைப் புதுப்பிக்காமல் 2003-ல் இடிக்கத் தொடங்கி, அடியில் மூடிக்கிடந்த சொங்கேசொன் ஓடையை 2005-ல் திறந்துவிட்டார்கள். நடுவில் 2004-ல் நகரத்தின் பேருந்துகளை முழுசாகச் சீரமைத்து, சாலை நடுவே பேருந்துத் தடங்கள் போட்டார்கள். எல்லாச் சாலையையும் இடிக்க முடியாது, நானும் அதைக் கேட்கவில்லை. ஆனால் 'இப்படியே புதுப்பிக்காமல் விட்டால் என்ன, சின்னதாக்கினால் என்ன' என்ற கேள்வியும் திட்டத்தின் முதல் கட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். பேருந்தை முதலில் விட்டுவிட்டுச் சாலையில் கைவைப்பது எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும். வேலை நடக்கும் வருஷங்களில் பேருந்துக்குப் பழகியவர்களில் ஒரு பகுதியாவது அதிலேயே தங்குவார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு யாராவது போவதாக இருந்தால் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். அகலப்படுத்தாமல் பழுது மட்டும் பார்த்தால் எவ்வளவு ஆகும் என்ற தனி மதிப்பீட்டைக் கேளுங்கள். அது இல்லை என்று பதில் வந்தால், அதைப் போட்டுக்கொண்டு வந்து அடுத்த கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். அந்த எண் தெரிந்தால்தான் கூடுதல் லேனுக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கிறோம் என்பதே தெரியும்.

இன்னொன்றும் கேட்கலாம். திறந்த பிறகு யார் அளக்கப் போகிறார்கள்? பிரிட்டனில் பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களைத் திறந்து ஒரு வருஷம் கழித்தும், ஐந்து வருஷம் கழித்தும், சொன்னது நடந்ததா என்று பார்த்து அறிக்கை வெளியிடும் ஏற்பாடு இருக்கிறது. பயண நேரம், விபத்து, வண்டி எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். அதற்கு ஒப்பிட ஒரு பழைய அளவு வேண்டும், அதை வேலை தொடங்குவதற்கு முன்பே, பள்ளி நடக்கும் சாதாரண வாரங்களில், பக்கத்துச் சாலைகளையும் சேர்த்து எடுத்து வைத்திருக்க வேண்டும். தடுப்புகளை வைத்த பிறகு எண்ண ஆரம்பித்தால், வேறு பாதைக்குப் பாதிப்பேர் போய்விட்ட சாலையைத்தான் எண்ணுவோம். அதோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் வெற்றி மாதிரித்தான் தெரியும்.